முப்பத்தொன்றாவது சுற்று

பனிக்கொல்லைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. கோபம் இருந்தால் ஊர்ப்பெயரை மறைத்துச் சொல்லுவேன். இல்லாததால்தான் ஊர், தெரு, ஆள் எல்லாவற்றையும் பெயரோடு சொல்கிறேன்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறி, வளைவு வளைவாகச் சுற்றி, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் இடத்தில் இறங்கினால் பனிக்கொல்லை. தை மாதம் அங்கே தேங்காய் எண்ணெயைக் கரண்டியால் தோண்டித்தான் தலையில் தேய்க்க வேண்டும். ஊரில் இரண்டு தெரு. மேலத்தெரு, கீழத்தெரு. மேலத்தெருவுக்கு ஒன்று செய்தால் கீழத்தெருவுக்கும் ஒன்று செய்தாக வேண்டும். சாமிக்கு இரண்டு மாலை. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெயர்ப்பலகை. பஸ் முதல் பலகையில் நிற்கும், பத்தடி நகர்ந்து இரண்டாவது பலகையிலும் நிற்கும். ஏற ஆள் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் அந்த ஊர்க் கோயில் விருந்தில் எனக்கு அப்பளம் வைக்காமல் போனதும் இதனால்தான். நான் வெளியூர் ஆள். எந்தத் தெரு அப்பளத்தை எனக்கு வைப்பது என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மோர் வந்துவிட்டது. அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

ஊருக்குப் பொதுவாக ஒரு கல்யாண மண்டபம் உண்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய கல் பங்களா. பின்கட்டில் விறகு போட்டுத் தண்ணீரைச் சுடவைக்கும் பாய்லர் இருக்கிறது. அந்தச் சுடுதண்ணீரை ஒரு பம்ப்பு தள்ளிவிடும். அது சுவரோரம் போகும் இரும்புக் குழாய்களில் மண்டபத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப பாய்லருக்கு வரும். மண்டபம் அடைகாக்கிற கோழி வயிறு மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் இருந்தது. பம்ப்பு செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் வெள்ளைத்துரை. அவர் வீடு இரண்டு தெருவும் சேருகிற முக்கில் இருப்பதால் இரண்டு தெருவும் அவரைத் தன் ஆள் என்று சொல்லாது. அவர் மகள் பவளக்கொடிக்குச் சாயல்குடியில் மாப்பிள்ளை முடிந்தது. கார்த்திகையில் சம்பந்தி முத்திருளாண்டி மண்டபம் பார்க்க வந்தார். வெயிலில் காய்ந்த ஊர்க்காரர். பத்து நிமிஷம் உட்கார்ந்தார். காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். டம்ளர் மூக்குக்குப் போனது, காதுக்குப் போனது, வாய்க்கு வரவில்லை.

"இந்தா பாருங்க சம்பந்தி. எங்க சனம் எழுவது பேரு வரும். மண்டபம் சூடா இருந்தா தாலி. இல்லேன்னா வந்த வண்டியிலயே மாப்பிள்ளையத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றார் குளிரில் ஆடும் பல்லுக்கு நடுவே.

வெள்ளைத்துரைக்குத் தூக்கம் போயிற்று. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முப்பத்தைந்து வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிறவன் நான். புதுப் பம்ப்பு ஒன்றை வரவழைத்து, ஊர்க் கூட்டத்தில் வைத்துச் சொன்னேன்.

"இந்தப் பம்ப்புக்கு முன்னால ஒரு வால்வு, பின்னால ஒரு வால்வு வைக்கணும். முன்ன அது இல்லாததாலதான் பம்ப்பத் தொடணும்னா மொத்தத் தண்ணியையும் வடிக்க வேண்டியிருந்தது. பம்ப்ப ஓட்டும்போது ரெண்டு வால்வும் திறந்திருக்கணும். கழட்டும்போது ரெண்டும் மூடியிருக்கணும். அவ்வளவுதான். அப்புறம் பம்ப்பு வாய்க்குப் பொருந்துற பிளேஞ்ச் ரெண்டு வேணும்."

பிளேஞ்ச் என்றால் குழாய் முனையில் இருக்கும் வட்டத் தகடு. நடுவில் தண்ணீர் போக ஓட்டை, ஓரத்தில் போல்ட் போட நான்கு துளை. இதையும் சொன்னேன்.

கூட்டத்தில் மேலத்தெருப் பெரிய மனிதர் சடையாண்டி தொண்டையைக் கனைத்தார்.

"வால்வு எத்தனை?"

"ரெண்டு."

"தெரு எத்தனை?"

"ரெண்டு" என்றார் கீழத்தெருப் பெரிய மனிதர் ஒச்சப்பன். அவர் கண் கலங்கிவிட்டது. "பம்ப்பு செஞ்சவன் நம்ம ஊரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கான் மச்சான்."

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. தண்ணீர் எந்த வால்வுக்கு முதலில் வரும் என்று சடையாண்டி கேட்டார். பாய்லர் பக்கத்து வால்வுக்கு என்றேன். அதிலிருந்து ஒன்றரை நாள் வாக்குவாதம்.

"முதல் மரியாதை மேலத்தெருவுக்கு. பாய்லர் பக்கம் எங்களுக்குத்தான்."

"பாய்லர் எந்தத் தெருப் பக்கம் இருக்கு? அதோட புகை எங்க வீட்டுத் துணியிலதான் படியுது."

"அப்போ ஒரு வருஷம் தண்ணிய இந்தப் பக்கமா விடுவோம், அடுத்த வருஷம் அந்தப் பக்கமா விடுவோம். ஏம்ப்பா பைப்புக்காரரே, தண்ணிகிட்டச் சொல்ல முடியுமா?"

கடைசியில் சாமி முன்னால் பூ கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். பாய்லர் பக்கம் கீழத்தெருவுக்கு விழுந்தது. சடையாண்டி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் இருவரும் வத்தலக்குண்டுக் கடைக்கு வால்வும் பிளேஞ்சும் வாங்கக் கிளம்பினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா என்பது வேறு விஷயம். "பம்ப்பு வாயோட அளவைக் கொண்டுபோங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

எழுதிக்கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேழ்வரகுக் களி கிண்டி, இரண்டு உருண்டையாக உருட்டி, பம்ப்பின் வாயில் ஆளுக்கொன்றாக அழுத்தி அச்சு எடுத்து, வாழை இலையில் கட்டிக்கொண்டு போனார்கள்.

பஸ் பாதி மலை இறங்குவதற்குள் ஒச்சப்பனுக்குப் பசி வந்துவிட்டது. நான்கு துளைக்கு நேராக நான்கு மிளகாய் கடித்துக்கொண்டு தன் அளவைச் சாப்பிட்டுவிட்டார்.

"யோவ் மச்சான்! தெரு அளவைத் தின்னுட்டியே!" என்றார் சடையாண்டி.

"எங்க போயிருது? வயித்துக்குள்ளதான இருக்கு? அரிசிச் சோறு சாப்பிட்டிருந்தாத்தான் கலந்து போயிருக்கும்."

கடைக்காரர் நல்ல மனிதர். சடையாண்டி கல்லாமேல் வைத்த களியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் நான்கு போல்ட் துளையும் விழுந்திருந்தது, பம்ப்பில் பொறித்திருந்த அளவு எண்ணும் இடவலம் மாறி விழுந்திருந்தது. சரியான பிளேஞ்ச் இரண்டை எடுத்து வைத்தார்.

"எனக்கு இது வேணாம். இது மேலத்தெருக் களிக்கு எடுத்தது. என் அளவுக்கு எடுங்க" என்று ஒச்சப்பன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

"அண்ணே, பம்ப்பு ஒண்ணுதான? ரெண்டு வாயும் ஒரே அளவுதான் இருக்கும்."

"பம்ப்பு ஒண்ணு. தெரு ரெண்டு."

கடைக்காரர் ஒரு நூலை எடுத்து ஒச்சப்பன் வயிற்றைச் சுற்றி அளந்தார். உள்ளே போனார். அதே பிளேஞ்சைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒச்சப்பன் அதைத் தொப்புளில் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்.

அப்படியாக பிளேஞ்ச் தப்பியது. வால்வில்தான் வினை வந்தது. கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்றுக்கு நீளமான கைப்பிடி. கால் வட்டம் திருப்பினால் மூடும், திரும்பக் கால் வட்டம் திருப்பினால் திறக்கும். இன்னொன்றுக்கு வீல். முப்பது சுற்று சுற்றினால்தான் முழுசாக மூடும். ஒச்சப்பன் பளபளப்பைப் பார்த்துக் கைப்பிடி வால்வை எடுத்தார். சடையாண்டி இரண்டையும் இயக்கிப் பார்த்தார். பாய்லர் பக்கம் போன துக்கம் அவருக்கு அந்தக் கடையில்தான் தீர்ந்தது.

"எனக்கு வீலு. அவங்க வால்வு ஒரு தட்டுல முடிஞ்சிரும். எங்க வால்வுக்கு முப்பது சுத்து. ஊரே நின்னு பாக்கும்."

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால்தான் நல்லது என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு பில் போட்டுவிட்டார்.

வந்ததை வைத்து நான் வேலையை முடித்தேன். பாய்லர் பக்கம் கீழத்தெருக் கைப்பிடி, மண்டபப் பக்கம் மேலத்தெரு வீல், நடுவில் பம்ப்பு. கைப்பிடி குழாயோடு நேராகப் படுத்திருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று ஒச்சப்பனுக்குக் காட்டினேன். தலையாட்டினார். பாய்லரைப் பற்றவைத்துப் பம்ப்பை ஓட்டினேன். அரை நாளில் மண்டபம் வெதுவெதுத்தது. வெள்ளைத்துரை சுவர்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "ரெண்டும் திறந்தே இருக்கட்டும். யாரும் கையால தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. போனேன். மண்டபத்தில் உட்கார இடம் இல்லை என்று சமையல் கொட்டகையில் தேங்காய் துருவுகிறவர்கள் பக்கத்தில் பலகை போட்டார்கள். அதனால் பின்கட்டில் நடந்த எல்லாமே எனக்குத் தெரிந்தது.

காலையில் சடையாண்டியும் ஒச்சப்பனும் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பம்ப்பிடம் வந்தார்கள். கையால் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? சம்பந்தி வந்ததும் அவர் முன்னால் வால்வு திறப்பு விழா நடத்துவதாக ஏற்பாடு. திறக்க வேண்டுமானால் முதலில் மூடியிருக்க வேண்டும். அதற்காக மூட வந்திருந்தார்கள்.

சடையாண்டி வீலைச் சுற்றினார். ஊர் நின்று பார்த்தது. "இருபத்தெட்டு... இருபத்தொம்பது... முப்பது." கைத்தட்டல்.

ஒச்சப்பன் கைப்பிடியைப் பிடித்தார். கீழத்தெருக்காரர்கள் முகம் வாடிவிட்டது.

"அவுங்களுக்கு முப்பது, நமக்கு ஒண்ணா?" என்றது ஒரு குரல்.

"யாரு சொன்னா ஒண்ணுன்னு?" என்றார் ஒச்சப்பன். "நானும் முப்பதுதான்."

கைப்பிடியை இப்படித் தள்ளினார், ஒன்று. அப்படித் தள்ளினார், இரண்டு. இப்படியே முப்பது தள்ளினார். மூடி, திறந்து, மூடி, திறந்து, முப்பதாவதில் கைப்பிடி கிளம்பிய இடத்துக்கே வந்து நேராகப் படுத்துக்கொண்டது. கீழத்தெரு வால்வு திறந்தே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது.

எட்டரை மணிக்குச் சாயல்குடி வண்டிகள் வந்தன. நல்ல நேரமும் பிறந்தது. எழுபது பேரும் போர்வையோடு இறங்கினார்கள். மண்டபத்தில் இன்னும் சூடு மிச்சம் இருந்தது. முத்திருளாண்டி சுவர்க் குழாயைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனார்கள். நாதஸ்வரம் வாசித்தது.

சடையாண்டி துண்டைக் கையில் சுற்றினார். "மூடும்போது முப்பது சரி. இப்ப நல்ல நேரம் பொறந்தாச்சு. மொய்யே நூறுன்னு வெக்க மாட்டோம், நூத்தி ஒண்ணுதான் வெப்போம். சுப காரியத்த மொட்டையா முடிக்கலாமா?"

"கூடாது. முப்பத்தொண்ணு" என்றார் ஒச்சப்பன்.

சடையாண்டி முப்பது சுற்று திறந்தார். முப்பத்தொன்றாவதுக்கு வீல் வரவில்லை. உடனே வீலை விட்டுவிட்டு, தானே நின்ற இடத்தில் ஒரு சுற்று சுற்றினார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒச்சப்பன் முப்பத்தொரு தள்ளு தள்ளினார். திறந்திருந்த வால்வு மூடிக்கொண்டது. கெட்டிமேளம்.

பிறகு எல்லோரும் இட்லி சாப்பிடப் போனார்கள். பம்ப்பு உறுமிக்கொண்டிருந்தது, தண்ணீர் நகரவில்லை. சாயல்குடிப் பிள்ளைகள் மேகத்தைப் பிடிக்க வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடினார்கள். கதவு திறந்தே கிடந்தது. அரை மணி நேரத்தில் மண்டபம் கார்த்திகை மாதத்து மண்டபமாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாடை ஆடுவதில் ஐயரால் அவர் வாயிலிருந்து மந்திரம் வாங்க முடியவில்லை. முத்திருளாண்டி எழுந்தார்.

"சம்பந்தி, இது நீங்க சொன்ன சூடா? ஏய், வண்டிய எடுக்கச் சொல்லு. மாப்பிள்ளைக்கு ஒரு போர்வையப் போத்து."

வெள்ளைத்துரை பின்கட்டுக்கு ஓடிவந்தார். "மாமா, மச்சான், என் பொண்ணு வாழ்க்கை உங்க கையில இருக்கு. ஏதாவது பண்ணுங்க!"

பம்ப்பைச் சுற்றி ஆலோசனை நடந்தது. சடையாண்டி பம்ப்பின் மேல் காது வைத்தார். "உசுரு இருக்கு. ஆனா மூச்சு முட்டுது."

"கழட்டிப் பாப்போம்" என்றார் ஒச்சப்பன். "கழட்டும்போது ரெண்டையும் மூடணும். பைப்புக்காரரு சொன்னாரு."

நான் தேங்காய்த் துருவலை விட்டுவிட்டு எழுந்தேன். "ஐயா, அந்தக் கைப்பிடி குறுக்க நிக்குது பாருங்க. ஒரே ஒரு தடவை தள்ளுங்க, போதும்" என்று கத்தினேன்.

ஒச்சப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணா? கீழத்தெருவக் கேவலப்படுத்தவா இவ்வளவு தூரம் வந்தீரு?"

சடையாண்டி வீலை மூடத் தொடங்கினார். கல்யாண நாள், நல்ல நேரம், ஆகையால் இதற்கும் முப்பத்தொன்று. முப்பது வீலில், ஒன்று உடம்பில். ஒச்சப்பனும் முப்பத்தொன்று தள்ளினார். மூடியிருந்த கைப்பிடி முப்பத்தொன்றாவது தள்ளில் நேராகப் படுத்தது.

அப்போதுதான் பவளக்கொடி வந்தாள். தலை நிறையப் பூவோடு, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கட்டு வாசலில் நின்றாள். அந்த ஊரில் பிறந்தும் எப்படியோ கண் சரியாகத் தெரிகிற பெண்.

"ஒச்சப்ப மாமா! கைப்பிடி நேராக் கெடக்கு! நேராக் கெடந்தா திறந்திருக்குன்னு அர்த்தம். கழட்டாதீங்க!"

"முப்பத்தொண்ணு எண்ணியாச்சும்மா" என்றார் ஒச்சப்பன்.

"எண்ணினா? கண்ணால பாருங்க மாமா!"

"கண்ணு பொய் சொல்லும் தாயி. எண்ணிக்கை பொய் சொல்லுமா? நீ போயி மணையில உக்காரு."

மேலத்தெரு போல்ட்டை மேலத்தெரு கழற்றியது. கீழத்தெரு போல்ட்டைக் கீழத்தெரு கழற்றியது. நடுவில் பம்ப்பைத் தாங்கிக்கொள்ள எந்தத் தெருவும் இல்லாத வெள்ளைத்துரை.

கடைசி போல்ட் வந்தது. பம்ப்பு ஒரு துள்ளு துள்ளி அவர் மடியில் உட்கார்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து விழுந்தார். அவர் மூக்குக்கு மேலாகத் தொடை கனத்துக்குச் சுடுதண்ணீர் பாய்ந்து, பவளக்கொடி விலகிய வாசல் வழியாக மண்டபத்துக்குள் போனது. பாய்லரில் இருந்தது போனது. அதைத் தள்ளிக்கொண்டு, பாய்லரை நிரப்புகிற மாடித் தொட்டித் தண்ணீர் வந்தது. நான் கைப்பிடியிடம் போவதற்குள் ஒச்சப்பன் என் குறுக்கே வந்து நின்றார்.

"மூடின வால்வ மறுபடி மூடுவாங்களா?" என்றார்.

அந்த மண்டப வாசலில் ஒரு சாண் உயரத்துக்குக் கல் நிலைப்படி உண்டு. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் பங்களா கட்டிய துரை வைத்தது. அன்றைக்கு அது சுடுதண்ணீரை வெளியே விடவில்லை. குளிர்ந்த கல்தரையில் பரவியதும் தண்ணீர் சரியான பதத்துக்கு ஆறியது. வண்டிக்குப் போவதற்காக வாசலுக்கு வந்த முத்திருளாண்டியின் கணுக்கால் வரை ஏறி நின்றது.

அவர் அப்படியே நின்றார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கால் விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். மலை ஏறியதிலிருந்து மரத்துக் கிடந்த விரல்கள். அவர் முகம் மெதுவாக விரிந்தது.

"அட அட அட... சம்பந்தி! சுவத்துல சூடு வெக்கிறவனப் பாத்திருக்கேன். கால்ல சூடு வெக்கிறவன இப்பத்தான்யா பாக்குறேன்! ஏய், வண்டிய நிறுத்து. எல்லாரும் உள்ள வாங்க. செருப்பக் கழட்டுங்க!"

எழுபது பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். ஆவி எழுந்து மண்டபம் நெல் அவிக்கிற இடம் மாதிரி ஆனது. மணமேடை உயரமாக இருந்ததால் அக்கினி தப்பியது. மாப்பிள்ளையின் தாடை நின்றது. மந்திரம் தெளிவாக வந்தது. பவளக்கொடி கழுத்தில் தாலி ஏறியது. தூவிய அட்சதையும் பூவும் மிதந்து மிதந்து சொந்தக்காரர்களின் காலைச் சுற்றி வந்தன. வெள்ளைத்துரை ஈர வேட்டியோடு, மடியில் இருந்த பம்ப்பை இறக்கிவைக்க மறந்து, மகளை ஆசீர்வாதம் பண்ணினார்.

அதற்குப் பிறகு பனிக்கொல்லை மண்டபத்துக்குக் மலைக்குக் கீழே இருக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஒவ்வொரு கல்யாணத்திலும் நல்ல நேரத்தில் இரண்டு வால்வையும் முப்பத்தொரு தடவை மூடி, பம்ப்பைக் கழற்றுகிறார்கள். கழற்ற வேண்டுமானால் மாட்டியிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முதல் நாள் என்னைக் கூப்பிட்டு மாட்டச் சொல்கிறார்கள். நானும் போய் மாட்டி, கைப்பிடியைக் குறுக்கே நிறுத்திவிட்டு வருகிறேன்.

அன்றைய விருந்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கல்யாணத்தை நடத்திவைத்தது பம்ப்பு, ஆகையால் முதல் பந்தியில் முதல் இலை அதற்கு என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் சொன்னது. அந்த ஊர் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பம்ப்பைத் துடைத்து, சந்தனம் பூசி, பலகையில் உட்காரவைத்து, தலைவாழை இலை போட்டார்கள். பக்கத்து இலை எனக்கு.

பம்ப்பு பொதுச்சொத்து. அதனால் அதன் இலையில் மேலத்தெரு ஒரு அப்பளம் வைத்தது, கீழத்தெரு ஒரு அப்பளம் வைத்தது. இரண்டும் நொறுங்காத முழு அப்பளம்.

பிறகு அப்பளக் கூடையோடு இரண்டு பேரும் என் இலை முன்னால் வந்து நின்றார்கள்.

"இவரு பம்ப்போட எந்தப் பக்கத்து ஆளு மச்சான்?" என்றார் சடையாண்டி.

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார் ஒச்சப்பன்.

மோர் வந்துவிட்டது.